ஸ்டார்ட் ஆகாத போட் இன்ஜினும் ராஜேந்திரன் சாரின் செருப்பும்

பவித்ரா, கார்த்தி, உங்கள் இரண்டு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த மழையில் நீங்கள் அம்மாவோடு முத்தாபுதுப்பேட்டை மாமா வீட்டில் இருந்தீர்கள். பிறகு நீங்கள் கேட்டபோதெல்லாம், "போட்டை ஓட்டினேன், ராஜேந்திரன் சாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டேன். நீங்களும் பள்ளிக்கூடத்தில் அப்படியே பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அது பாதிக் கதைதான். மீதிப் பாதியில் உங்கள் அப்பாவுக்குப் பெருமை குறைவு. ஆனால் நான் கற்றுக்கொண்டது அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

1. கயிறு

காலை எட்டு மணி இருக்கும். அந்த இன்ஜினின் கயிற்றை முப்பதாவது தடவையோ நாற்பதாவது தடவையோ இழுத்துக்கொண்டிருந்தேன். ஏரிப் பக்கத்து ஃப்ளாட்டின் கார் நிறுத்தும் இடத்தில் இடுப்பளவு தண்ணீர். ஃபைபர் போட்டை ஒரு தூணில் கட்டியிருந்தோம். காலை ஆறு மணிக்கு நானும் பாபுவும் என் கடையிலிருந்து இன்ஜினைத் தோளில் தூக்கி வந்து, போட்டின் பின்பக்கம் மாட்டி முடுக்கியிருந்தோம். பாபுவை உங்களுக்குத் தெரியும், அண்ணனூர் ரயில் ஷெட்டில் ஃபிட்டர். என்னோடு எட்டாவது வரைக்கும் படித்தவன், அதற்குப் பிறகும் படித்தவன்.

"இன்னா மாமே, இழுத்து இழுத்து உன் கை நீண்டுகினே போவுது. இன்னும் கொஞ்ச நேரம் இழுத்தா, கையாலயே துடுப்பு போட்டுக்கலாம்" என்றான்.

"வாயை மூடிகினு போட்டைப் புடிடா."

மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ராஜேந்திரன் சார் உட்கார்ந்திருந்தார். அவர் அந்த ஃப்ளாட் சங்கத்தின் செயலாளர், ஐ.டி. கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவு, சொந்த ஊர் விருதுநகர் பக்கம். மடியில் ஒரு பை. அதற்குள் ஆஸ்பத்திரி ஃபைல், ஒரு போர்வை, பிஸ்கட் பாக்கெட். இரண்டு கிட்னியும் வேலை செய்யாததால் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தார். கழுத்துப் பக்கம் ஒரு டியூப் வைத்துத் தைத்திருந்தார்கள். அது வழியாகத்தான் ரத்தம் மெஷினுக்குப் போய்த் திரும்பும்.

இரண்டு நாள் முன்பு போக வேண்டிய டயாலிசிஸ், ரோடு மூடிக்கொண்டதால் தவறிப்போயிருந்தது. விடிந்தால் வடிந்துவிடும் என்று எல்லாருமே நினைத்தோம். வடியவில்லை. ஏரி நிரம்பி, அந்தத் தண்ணீரும் தெருவுக்குள் வந்தது. அன்று காலையில் அவருக்கு முகம், கால் எல்லாம் வீங்கி, நாலு வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்க வேண்டியிருந்தது. படுக்கவே முடியவில்லை. மதியத்துக்குள் எப்படியாவது வந்துவிட வேண்டும் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார்.

தூக்கிக்கொண்டு போக முடியாதா என்று கேட்பீர்கள். அந்த டியூபில் ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீர் படக்கூடாது. தெருமுனையில் கழுத்தளவு தண்ணீர், அதுவும் சும்மா நிற்கவில்லை, இழுத்துக்கொண்டு ஓடியது. மூங்கிலை ஊன்றிப் போட்டைத் தள்ளிப் பார்த்தோம். அந்த முனையில் போட்டைத் திருப்பி ஒரு காம்பவுண்டுச் சுவரில் சாத்தி வைத்தது தண்ணீர். சார் ஏறாத வரைக்கும் நல்லது என்று திரும்பி வந்துவிட்டோம். மீட்புப் படகுக்கும் போன் போட்டாயிற்று. அவர்களுக்கு எத்தனையோ தெரு, நம் முறை வர சாயங்காலம் ஆகும் என்றார்கள்.

ஆக, அந்த இன்ஜின் ஓடினால்தான் உண்டு.

2. தேசிங்கு அண்ணன் சொன்னதும் நான் சொன்னதும்

அந்தப் போட்டை வாங்க வைத்ததே ராஜேந்திரன் சார்தான். அதற்கு முந்தின வருட மழையில் கீழ்வீட்டுக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, சங்கக் கூட்டத்தில் எழுந்து, ஒரு பழைய போட் வாங்கிப் போடலாம் என்றார். பாதிப் பேர் சிரித்தார்கள். "சார், அடுத்த வருசம் ஹெலிகாப்டரா" என்று ஒருவர் கேட்டாராம். அவர் விடவில்லை. பழவேற்காடு வரைக்கும் அவரே போய், தேசிங்கு என்கிற மீனவரிடம் ஒரு ஃபைபர் போட்டும், அவர் ஓட்டிய பத்து ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக் இன்ஜினும் பேசி முடித்துவிட்டு வந்தார். தெருமுனையில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன் என்பதால், இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு.

தேசிங்கு அண்ணன் மினி லாரியில் இன்ஜினோடு வந்து இறங்கினார். என் கடை வாசலில் ஒரு டிரம்மில் தண்ணீர் ரொப்பி, அதில் இன்ஜினின் விசிறி இருக்கும் அடிப்பகுதியை விட்டு, கயிற்றை இரண்டு தடவை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் ஓடியது. அப்புறம் என்னிடம் சொன்னார்:

"நைனா, அரை நாள் ஒதுக்கு. ஏரில எறக்கி ஓட்டிக் காட்டிட்டுப் போறேன். இதுக்குன்னு சில பயக்கம் கீது."

நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னேன்: "இருவத்திரெண்டு வருசமா டூ ஸ்ட்ரோக்தான்ணா பார்த்துகினு கீறேன். தண்ணில ஓடுனா இன்னா, ரோட்டுல ஓடுனா இன்னா. இன்ஜின் இன்ஜின்தானே."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். கோபப்படவில்லை. "சரி நைனா. நம்பரு சாராண்ட கீது" என்று சொல்லிவிட்டு, டீ குடித்துக் கிளம்பிவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. கடையிலிருக்கும் ஸ்பானர், கம்ப்ரஸர், வைஸ் எல்லாவற்றையும் கழுவுவதுபோல அந்த இன்ஜினையும் டீசல் போட்டு, சோப்புப் போட்டு, பிரஷ் வைத்துத் தேய்த்தேன். வருடக்கணக்கான உப்பும் கறையும் போய்ப் புதுசு மாதிரி ஆனது. மேல் மூடியில் மூன்று பட்டை விபூதி, சந்தனம், குங்குமம். பெட்ரோல் டேங்கையும் விடவில்லை. மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, அழகாக மூடி வைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கயிற்றை யாரும் தொடவில்லை, மழை வரைக்கும்.

3. நான் பார்த்தவை

ஸ்டார்ட் ஆகாத எந்த இன்ஜினுக்கும் மூன்றே கேள்வி. பெட்ரோல் வருகிறதா, கரண்ட் வருகிறதா, கம்ப்ரஷன் இருக்கிறதா. இந்த மூன்றும் இருந்தால் எந்த இன்ஜினும் ஓடித்தான் ஆக வேண்டும்.

பெட்ரோல் குழாயின் நடுவில் கையால் அமுக்குகிற ஒரு ரப்பர் பந்து இருக்கும். அமுக்கினேன், கெட்டியானது. ப்ளக்கைக் கழற்றினேன், நனைந்திருந்தது. அப்படியென்றால் பெட்ரோல் வருகிறது. ப்ளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு பாபுவைக் கயிறு இழுக்கச் சொன்னேன். விரலைத் தள்ளியது. கம்ப்ரஷனும் இருக்கிறது. ப்ளக்கை இன்ஜின் உடம்பில் ஒட்ட வைத்து இழுத்தோம். பொறி இல்லை. சட்டையால் வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தேன். நீலமாக ஒரு புள்ளிகூட வரவில்லை.

புது ப்ளக் போட்டேன். இல்லை. ப்ளக் கேப்பைக் கழற்றி, ஒயர் முனையை வெட்டி, மறுபடி முறுக்கினேன். இல்லை. காயிலின் எர்த் போல்ட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். இல்லை. இன்ஜினை நிறுத்துகிற கில் பட்டன் ஒன்று சிவப்பாக இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தேன். அழுந்தி மாட்டிக்கொண்ட மாதிரி தெரியவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தது. சரி, அது நல்லாத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் மேலே பார்த்துச் சொன்னேன்: "சி.டி.ஐ. போச்சு சார்."

சி.டி.ஐ. என்பது பொறிக்கு வேண்டிய கரண்டை அனுப்பும் சின்னப் பெட்டி. அதைத் திறந்து சரி செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஊரே தண்ணீரில் இருக்கும்போது போட் இன்ஜின் சி.டி.ஐ.க்கு எங்கே போவது. ராஜேந்திரன் சாருக்கு அந்த வார்த்தை புரியவில்லை. என் முகம் புரிந்திருக்கும்.

4. முக்கால் மணி நேரம்

இந்த இடத்தைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

ராஜேந்திரன் சார் மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டார்: "ஏழுமலை, தேசிங்கு அண்ணனுக்கு... ஒரு போன் போட்டுப் பாப்பமா?"

நான் சொன்னேன்: "அவரு மீன் புடிக்கிறவரு சார். சி.டி.ஐ. பத்தி அவருக்கு இன்னா தெரியப்போவுது."

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. உண்மையில் என் மனதுக்குள் ஓடியது சி.டி.ஐ. இல்லை. "இருவத்திரெண்டு வருசம்" என்று நான் சொன்ன வாயால், அவரிடம் போய் எப்படிக் கேட்பது என்பதுதான். அப்போது மணி எட்டரை.

ஒன்பதே கால் வரைக்கும் நான் வேலை செய்வதுபோல வேலை செய்தேன். ஃப்ளைவீல் மூடியைக் கழற்றினேன், தேவையே இல்லை. அந்த அவசரத்தில் ஒரு போல்ட் தண்ணீரில் விழுந்தது. பாபு காலாலேயே தரையைத் துழாவி அதைத் தேடினான்.

"மாமே, ஒரு தவளை கெடச்சுது, ஒரு ஸ்பூன் கெடச்சுது. உன் போல்ட் மட்டும் கெடைக்கல" என்றான். பிறகு, குனிந்தபடியே, மேலே கேட்காத குரலில் சொன்னான்: "போன் போட்டா இன்னாடா கொறைஞ்சு போயிடுவ? ஷெட்டுல ரயில் பெட்டி நின்னா, எவன் கடைசியா பார்த்தானோ அவன தூக்கத்துலேர்ந்து எழுப்பிக் கேப்போம். வெக்கம்னு ஒண்ணு அங்க கெடையாது."

இருக்கிற போல்ட்டுகளை வைத்தே மூடியை மறுபடி முடுக்கினேன்.

அப்போது செல்வி அக்கா, சாருடைய மனைவி, தண்ணீர் தொடுகிற படி வரைக்கும் இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை. "அண்ணே, அவுகளுக்கு உதடு ஒரு மாதிரி கருக்குது" என்று மட்டும் சொன்னார். போனை என் பக்கம் நீட்டினார். நம்பரை ஏற்கெனவே போட்டிருந்தார். ஸ்பீக்கரில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

ஈரக் கையோடு வாங்கிக்கொண்டேன்.

5. போன்

அந்தப் பக்கம் ஒரே காற்றுச் சத்தம்.

"யாரு?"

"அண்ணா, அயனம்பாக்கத்துலேர்ந்து பேசறேன். போட் வாங்குனோமே. மெக்கானிக் ஏழுமலை."

"ஆங், இருவத்திரெண்டு வருசம். சொல்லு நைனா."

பாபு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் விஷயத்தைச் சொன்னேன். பெட்ரோல் வருது, கம்ப்ரஷன் கீது, கரண்ட் மட்டும் இல்ல, சி.டி.ஐ. போச்சுன்னு நெனைக்கிறேன், சாருக்கு ரொம்ப முடியல.

"சி.டி.ஐ. எல்லாம் போவாது. எங்கூட ஒம்போது வருசம் உப்புத் தண்ணி குடிச்ச இன்ஜின் அது. கடைசியா எப்ப ஓடுச்சு?"

"நீ டிரம்முல ஓட்டிக் காட்டுன அன்னிக்கு."

"அதுக்கப்பறம் எவன் கை வச்சான்?"

போன் இன்னும் ஸ்பீக்கரிலேயே இருந்தது.

"நான்தான்ணா. ஆயுத பூஜைக்குக் கழுவுனேன்."

"கழுவுனியா. செவப்பு பட்டன் கீதே, அதுக்கு அடில நீலமா ஒரு துண்டு சொருவி வச்சிருப்பேன். கீதா பாரு."

பார்க்கத் தேவையில்லை. எனக்கு அந்தத் துண்டு நன்றாக நினைவிருந்தது. மாட்டு லாடம் போல வெட்டி, பட்டனுக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவில் செருகியிருந்தது. கழுவும்போது கையில் எடுத்துப் பார்த்தேன். அடியில் கட்டம் கட்டமாகக் கோடு. செருப்புத் துண்டு. பூஜைக்கு வைக்கிற பொருளில் யாராவது செருப்பை வைப்பார்களா என்று, வாசலில் குப்பை கொட்டியவனைத் திட்டுவதுபோலத் தேசிங்கு அண்ணனைத் திட்டிக்கொண்டே, சாக்கடையில் வீசினேன். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அதற்கப்புறம்தான் சந்தனத்தைத் தொட்டேன்.

"செருப்புன்னு தூக்கிப் போட்டுட்டேன்ணா. பூஜை போடறதுல செருப்பு கீதேன்னு."

தேசிங்கு அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"அது செருப்பில்ல நைனா. அதான் அந்த இன்ஜினுக்கு சாவி."

அவர் சொன்னதை உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். கம்பெனியிலிருந்து வரும்போது அந்தப் பட்டனுக்கு அடியில் ஒரு கிளிப் மாட்டியிருக்கும். அதிலிருந்து ஒரு சிவப்புச் சுருள் கயிறு, ஓட்டுகிறவர் மணிக்கட்டுக்குப் போகும். ஆள் கடலில் விழுந்தால் கயிறு கிளிப்பைப் பிடுங்கும், பட்டன் உள்ளே அமுங்கும், இன்ஜின் நிற்கும். இல்லாவிட்டால் ஆள் ஓரிடம், போட் ஓரிடம். தேசிங்கு அண்ணனுடைய கிளிப் எப்போதோ உடைந்துபோனதால், அதே கனத்தில் செருப்பை வெட்டி வைத்திருந்தார். நம் வண்டியில் பட்டன் சும்மா இருந்தால் ஓடும். இதில் சும்மா விட்டால் அது தானாகவே அமுங்கி, கரண்டை ப்ளக்குக்கு விடாமல் எர்த்துக்கு அனுப்பிவிடும். நான் "நல்லாத்தான் இருக்கிறது" என்று பார்த்த பட்டன், மழைக்கு முன்னாலிருந்தே இன்ஜினை நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தது.

கடைக்கு வண்டியை வியர்க்க வியர்க்கத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நான் கட்டைவிரலால் கில் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, "ஆஃப்ல கீது சார்" என்று சிரிப்பேன். அந்தச் சிரிப்பெல்லாம் அந்தக் கார் நிறுத்துமிடத்தில் எனக்கு வட்டியோடு திரும்ப வந்தது.

"எந்தச் செருப்புனாலும் ஆவுமாண்ணா?"

"ஆவாய் செருப்பு. தடியா இருக்கணும். அதுல ஒரு ஓட்டை போட்டு, கவுறு கோத்து மணிக்கட்டுல கட்டிக்கோ, நீ வுழுந்தா இன்ஜின் நிக்கணும். சீக்கிரம் வெட்டு, பேசிகினு கீற."

என் செருப்பு அன்று காலையிலேயே தண்ணீரோடு போய்விட்டது. பாபு வெறுங்கால். மேலே நாற்காலியில் இருந்து ஏதோ தரையில் உரசும் சத்தம். ராஜேந்திரன் சாரால் குனிய முடியவில்லை. காலாலேயே ஒரு செருப்பைத் தள்ளிவிட்டார். நீல வார் வைத்த ஹவாய் செருப்பு.

"இத வெட்டுங்க ஏழுமலை. கால் வீங்கி... இதுல பாதிதான்... நுழையுது."

செல்வி அக்கா அதை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஹேக்ஸா பிளேடால் லாடம் மாதிரி வெட்டினேன். ஓட்டை போட்டு, ஒரு நைலான் கயிறு கோத்து, பட்டனை இழுத்து அடியில் செருகினேன். முதல் இழுப்பில் இருமியது. இரண்டாவது இழுப்பில் ஓடியது. கார் நிறுத்துமிடம் முழுக்க வெள்ளைப் புகை.

"செருப்பெடுத்தாதான் சில இன்ஜின் பேச்சு கேக்கும் மாமே" என்றான் பாபு. இன்ஜினைச் சொன்னானா என்னைச் சொன்னானா, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

6. கேட்டைப் பிடித்துக்கொண்டு

சாரின் கழுத்தைச் சுற்றி பிளாஸ்டிக் ஷீட், மேலே ரெயின்கோட். செல்வி அக்கா அவரை ஒட்டி உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டார். பாபு முன்னால் மூங்கிலோடு. தெருமுனையில் அந்த இழுப்பைப் போட் முக்கி முனகித் தாண்டியது. அங்கிருந்து மெயின் ரோட்டு மேடு தெரிந்தது. போனில் வரச் சொல்லியிருந்த பாபுவின் மச்சான் வேனோடு அங்கே நிற்பது தெரிந்தது.

அப்போது இன்ஜின் நின்றது.

போட் பின்னால் போக ஆரம்பித்தது. பாபு மூங்கிலைப் போட்டுவிட்டு ஒரு வீட்டு கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மாமே, இந்த கேட்டு என்கூடவே வந்துடும் போல கீது. சீக்கிரம்."

முதலில் பட்டனைப் பார்த்தேன். செருப்புத் துண்டு அதன் இடத்தில்தான் இருந்தது. மறுபடி ப்ளக்கைக் கழற்றலாமா என்று ஸ்பானரை எடுத்தேன். எடுத்துவிட்டு, கீழே வைத்தேன். தேசிங்கு அண்ணனுடைய கேள்வியை எனக்கு நானே கேட்டேன். அதுக்கப்பறம் எவன் கை வச்சான். என் கை வேறு எங்கே பட்டது.

பெட்ரோல் குழாயைப் பார்த்தேன். நடுவில் இருக்கிற ரப்பர் பந்து, சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிப்போயிருந்தது. இன்ஜின் பெட்ரோலை இழுக்கிறது, டேங்க் தரமாட்டேன் என்கிறது. டேங்குக்குள் காற்று போனால்தானே பெட்ரோல் வெளியே வரும். காற்று போகிற ஓட்டை மூடியில் இருக்கிறது. மூடியில் ஒரு ரூபாய் அளவுக்குச் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. நான்தான் வைத்தேன், கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுக்கொண்டே.

மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று டேங்க் காற்றை இழுத்துக்கொண்டது. ரப்பர் பந்து உப்பியது. நாலு தடவை அமுக்கினேன். கயிறு இழுக்கும்போது சாரின் குரல் கேட்டது.

"பதறாதீங்க. மணி... பத்துதான் ஆகுது."

மூச்சு விட முடியாத மனிதர் எனக்குத் தைரியம் சொன்னார். இன்ஜின் ஓடியது. மூடியைத் தளர்த்தியே வைத்துக்கொண்டு மேடு வரைக்கும் போனோம். பதினொரு மணிக்குள் அவரை மெஷினில் படுக்க வைத்துவிட்டார்கள்.

7. சாயங்காலம்

நாலு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு, சாயங்காலம் அவரே போன் செய்தார்.

"ஏழுமலை, ரெண்டு இட்லி சாப்பிட்டேன், தலையணையில சாஞ்சு படுத்திருக்கேன், நீங்க சாப்பிட்டீங்களா, இல்ல இன்னும் ஈரத் துணியோடவே திரியுறீங்களா?"

நடுவில் எங்கும் நிற்காமல் சொன்னார். காலையில் நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கியவர். அதைக் கேட்ட பிறகுதான் சொன்னேன்: "சார், அந்தச் செருப்புத் துண்டைத் தூக்கிப் போட்டது நான். போன் போட வேணாம்னு முக்கா மணி நேரம் இழுத்தடிச்சதும் நான்தான்."

"தெரியும். ஸ்பீக்கர்லதான பேசுனீங்க."

"அப்ப ஏன் சார் ஒண்ணுமே சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்க கை நடுங்கியிருக்கும். அந்தக் கையை நம்பித்தான நான் போட்டுல ஏறணும்."

பிள்ளைகளே, என்னை வாழ்க்கையில் நிறையப் பேர் திட்டியிருக்கிறார்கள். வேலை கற்றுக்கொண்ட இடத்தில் ஸ்பானரே என்மேல் பறந்து வந்திருக்கிறது. அவற்றிலிருந்து கற்றதைவிட, அவர் திட்டாமல் விட்டதிலிருந்து கற்றது அதிகம்.

8. அடுத்த ஆயுத பூஜை

மழை விட்டதும் முதல் வேலையாகத் தேசிங்கு அண்ணனுக்குப் போன் போட்டு, அன்று ஒதுக்காத அரை நாளை ஒதுக்குகிறேன், வாருங்கள் என்றேன். வந்தார். ஏரியில் இறக்கினோம். அரை நாள் ஒரு நாளானது. நான் நோட்டு வைத்து எழுதிக்கொண்டேன். ஓட்டி முடித்ததும் உப்போ சேறோ போக நல்ல தண்ணீரில் ஓட விட வேண்டும், டேங்க் மூடியின் காற்றுத் திருகை ஓட்டுவதற்கு முன் திறக்க வேண்டும், இப்படிப் பதினேழு விஷயம். "இருவத்திரெண்டு வருசம், எழுதிக்கோ" என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். போகும்போது, பாலிதீன் கவரில் சுற்றிய ஒரு புதுக் கிளிப்பை, சிவப்புச் சுருள் கயிற்றோடு, என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது இன்ஜினில் அந்தக் கிளிப்தான் இருக்கிறது. ராஜேந்திரன் சாரின் செருப்புத் துண்டு, கிளிப் தொலைந்தால் உதவுவதற்காக, இன்ஜின் கைப்பிடியில் கயிற்றோடு கட்டியிருக்கிறது.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சார் கடைக்கு வந்தார். கழுத்து டியூபை எடுத்துவிட்டு, மெஷினுக்கு ரத்தம் போகக் கையிலேயே வழி செய்துகொடுத்திருந்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் இன்னும் போகிறார். கால் வீக்கம் வடிந்து, புதுச் செருப்புப் போட்டிருந்தார். அதை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். டேங்க் மூடியில் மட்டும் வைக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தை அவர் என்னிடமிருந்து வாங்கி, குனிந்து, அந்தச் செருப்புத் துண்டில் ஒரு பொட்டு வைத்தார். அதற்கு மேல் குங்குமம்.

சங்கத்திலிருந்து வந்த ஒருவர், "சார், அது செருப்பு" என்றார்.

"என் செருப்புதான்" என்றார் சார்.

பாபு டிரம்மில் தண்ணீர் ரொப்பி, ஒரு எலுமிச்சம்பழத்தை அதில் மிதக்க விட்டான். மத்த வண்டியெல்லாம் பழத்து மேல ஏறுது, இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு என்றான். நான் கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் ஓடியது.

அன்றிலிருந்து என் கடையில் இரண்டு வழக்கம். பூஜை முடிந்ததும், கழுவிய ஒவ்வொன்றையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பொரி கொடுப்பேன். ஓடாத வண்டி எது வந்தாலும், ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் "கடைசியா யாரு கை வச்சது" என்று கேட்பேன். அது என் கையாக இருந்தால், வண்டிக்காரரிடம் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். முதல் இரண்டு மூன்று தடவை வாய் வரவில்லை. இப்போது வருகிறது.

நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும், உங்கள் கை தவறு செய்யும். அப்போது நாலு பேருக்கு முன்னால் கேட்க வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்துக்கு நான் எடுத்துக்கொண்டது முக்கால் மணி நேரம். அது என் நேரம் இல்லை, இன்னொருவருடைய மூச்சு. அதை அவர் திருப்பிக் கேட்கவே இல்லை.

மாதத்துக்கு ஒரு தடவை டிரம்மில் அந்த இன்ஜினை ஓட்டிப் பார்க்கிறேன். துடைக்கும்போது செருப்புத் துண்டையும் அவிழ்த்துத் துடைத்து, மறுபடி கட்டி வைக்கிறேன். இப்போதும் அதை இரண்டு கையாலும்தான் எடுக்கிறேன்.